கம்பி கழற்றிய பின் பல் வெண்மை: வீட்டில் செய்யத் தக்கதும் தகாததும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வு நிகழ்ச்சியில், தாம்பரம் பகுதியில் பணியாற்றும் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பல் பாதுகாப்பைப் பற்றிப் பொதுவாகப் பேசுமாறுதான் நிர்வாகிகள் முதலில் கேட்டுக்கொண்டனர். ஆயினும் இந்த மஹல்லாவிலும் சுற்றுப்புறத்திலும் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொள்ளும் பிள்ளைகள் இன்று பெருகியுள்ளனர். பதினெட்டு மாதங்களோ இரண்டாண்டுகளோ கம்பியைச் சுமந்து, அது கழற்றப்படும் நாளில் ஆவலோடு கண்ணாடியைப் பார்க்கும் பிள்ளை, "வரிசையாகிவிட்டது, ஆனால் மஞ்சளாக இருக்கிறதே" என்று முகம் வாடுகிறது. அன்றிரவே கைப்பேசியில் தேடல் தொடங்கிவிடுகிறது. எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, கரித்தூள், கூரியரில் வரும் ஜெல் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சோதனை நடக்கிறது. இவற்றுள் சில, பணத்தை மட்டும் விரயமாக்குபவை. சில, மீண்டும் வளராத ஒன்றைக் கரைத்துவிடுபவை. ஆகவே பொதுவான அறிவுரைகளைச் சுருக்கிக்கொண்டு, இந்த ஒன்றைப் பற்றியே விரிவாகப் பேச அனுமதி வேண்டுகிறேன்.

பல்லின் வெளிப்போர்வை எனாமல் எனப்படுகிறது. மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருள். எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் ஆறும். எனாமலோ தேய்ந்தால் தேய்ந்ததுதான். அதனை உருவாக்கிய உயிரணுக்கள், பல் ஈறைவிட்டு வெளிவரும்போதே மறைந்துவிடுகின்றன. இந்தப் போர்வை பால் போல் வெண்மையானதும் அன்று. ஒளியை ஓரளவு ஊடுருவ விடுவது. அதன் கீழே உள்ள டென்டின் இயல்பாகவே இளமஞ்சள் நிறமுடையது. நாம் காணும் பல்லின் நிறத்தில் பெரும்பங்கு அந்த மஞ்சளே. தேய்த்துத் தேய்த்து எனாமலை மெலியச் செய்தால் பல் வெளுக்காது; உள்ளிருக்கும் மஞ்சள் இன்னும் நன்றாகத் தெரியும். வெண்மை வேண்டும் என்று உமிக்கரியும் உப்பும் சேர்த்து ஆண்டுக்கணக்கில் தேய்த்தவர்களின் பற்கள் ஏன் மஞ்சளாகின்றன என்பதற்கு விடை இதுவே.

பால் பற்கள் நிலைப்பற்களைவிட வெண்மையானவை. பத்து வயதுப் பிள்ளையின் வாயில் இரண்டும் அருகருகே நிற்கும்போது நிலைப்பல் மஞ்சளாகத் தோன்றுவது இயற்கை. அந்த வயதிலேயே கம்பி கட்டப்படுவதால், பழி கம்பியின் மேல் விழுகிறது.

ஆனால் கம்பிக்குப் பங்கே இல்லை என்று கூறிவிடவும் முடியாது. பல்லின் முகப்பில் ஒட்டப்படும் சிறு உலோகத் துண்டான பிராக்கெட், முன்பெல்லாம் ஒட்டப்படவில்லை. ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் மாட்டினார்கள். 1955இல் அமெரிக்காவின் மைக்கேல் புவானகோர் என்னும் மருத்துவர், எனாமலைப் பாஸ்பாரிக் அமிலத்தால் மிக மெல்லியதாகச் சொரசொரப்பாக்கினால் பிசின் நன்கு பற்றிக்கொள்ளும் என்று காட்டினார். அதன் பிறகே பல்லின்மேல் நேரடியாகப் பிராக்கெட் ஒட்டும் முறை வளர்ந்தது. அப்பிசின் எனாமலின் நுண்துளைகளுக்குள் இழைகளாக இறங்கிக் கெட்டிப்படுகிறது. கம்பி கழற்றும் நாளில் சுழலும் கருவியால் பிசினை அகற்றினாலும், சிற்சில இடங்களில் மெல்லிய படலம் தங்கிவிடுவதுண்டு. அது தேநீரின் கறையை ஏற்றுக்கொள்ளும். அத்தகைய பல்லுக்கு வேண்டியது ப்ளீச்சிங் அன்று, மறுமுறை மெருகிடுதல். வெண்மையாக்கும் ஜெல்லும் பிசின் மூடிய இடத்தில் சரிவர ஊடுருவாது. முடிவில் பல் திட்டுத்திட்டாகத் தோன்றும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது வெண்புள்ளி. பிராக்கெட்டைச் சுற்றி உணவும் பற்படிவமும் தங்கினால், அங்குள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கி எனாமலின் தாதுவை உறிஞ்சிவிடுகின்றன. துலக்குதல் சரியில்லாதபோது நான்கு வாரங்களுக்குள்ளேயே இந்தத் தாது இழப்பு தொடங்கிவிடும் என்று 1980களில் நார்வே நாட்டு ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். கம்பி கழன்றதும் சதுரமாகவோ பிறை வடிவிலோ சுண்ணாம்பு தடவியதுபோல் வெண்திட்டுகள் தெரிகின்றனவே, அவை இவையே. பெற்றோர் பலர் இதனைத் தலைகீழாகப் புரிந்துகொள்கின்றனர். "இந்த இடம் மட்டும்தான் வெள்ளையாக இருக்கிறது, மற்ற இடத்தையும் இப்படி ஆக்குங்கள்" என்று கேட்டவர்களும் உண்டு. உண்மையில் அந்த வெள்ளைதான் நோய்; மஞ்சளாகத் தெரிவதே நலமான பல். அது சொத்தையின் முதற்படி.

இத்திட்டுகள் உள்ள பல்லுக்கு அவசரமாக வெண்மையாக்கும் ஜெல் இட்டால், திட்டு முதலில் மேலும் பளிச்சென்று வெளுத்துத் தெரியும். பிள்ளை அழத் தொடங்கும். எனவே பொறுத்திருப்பதே முதல் மருத்துவம். கம்பி நீங்கிய பின் உமிழ்நீர் அந்த இடத்தைத் தடையின்றி நனைக்கிறது; அதிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் இழந்த தாதுவை ஓரளவு திருப்பித் தருகின்றன. ஃப்ளோரைடு உள்ள சாதாரணப் பற்பசையால் நாள்தோறும் இருமுறை துலக்கி, இனிப்பைக் குறைத்தால், முதல் ஆறு மாதங்களில் பல திட்டுகள் மங்கிவிடும். மங்காத திட்டுக்கு ஜெர்மனியில் உருவாக்கப்பட்டு 2009இல் விற்பனைக்கு வந்த பிசின் ஊடுருவல் முறை இருக்கிறது. துளையிடாமல், நீர் போன்ற பிசினைத் திட்டுக்குள் இறக்கி, ஒளி சிதறுவதைத் தடுக்கும் முறை அது. அது மருத்துவமனையில் செய்ய வேண்டியது. வீட்டில் செய்ய இயலாது.

இப்போது வீட்டு வெண்மையாக்கலுக்கு வருவோம். இதன் வரலாறு சுவையானது. வீட்டில் செய்யும் ப்ளீச்சிங் முறையே கம்பி வைத்தியத்திலிருந்துதான் பிறந்தது! அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் வில்லியம் குளுஸ்மியர் என்னும் பல் சீரமைப்பு மருத்துவர் இருந்தார். 1960களின் பிற்பகுதியில், கம்பி கழற்றிய பின் பற்களை நிலைநிறுத்த அணியும் சாதனத்துக்குள், ஈறு வீக்கம் ஆறுவதற்காக ஒரு கிருமிநாசினியை இட்டு இரவில் அணியச் சொன்னார். அக்கிருமிநாசினி 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு. ஈறும் ஆறியது, எதிர்பாராத வகையில் பற்களும் வெளுத்திருந்தன. அவர் இதனைச் சக மருத்துவர்களிடம் கூறி வந்தார். முறையான ஆய்வுக் கட்டுரையாக ஹேவுட், ஹைமன் என்னும் இருவர் 1989இல் வெளியிட்ட பின்னரே உலகம் கவனித்தது. இன்றும் அந்த 10 விழுக்காடுதான் நன்கு ஆராயப்பட்ட அளவு.

கார்பமைடு பெராக்சைடு வாயில் யூரியாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரிகிறது. 10 விழுக்காட்டிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 3.5 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு. அது எனாமலைக் கடந்து டென்டினுக்குச் சென்று, நிறம் தரும் மூலக்கூறுகளை உடைக்கிறது. சுரண்டுவதோ அரிப்பதோ இல்லை. ஆகவேதான் மெதுவாக வேலை செய்கிறது. பொதுவாக இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும். சிறு வயதில் டெட்ராசைக்ளின் மருந்து உட்கொண்டதால் சாம்பல் நிறமேறிய பற்களுக்குச் சில மாதங்கள்கூட ஆகலாம்.

செய்முறையில் உயிர்நாடி அந்த ட்ரே. பல்லுக்கு அச்செடுத்து, மெல்லிய நெகிழியில் அவரவர் பல்லுக்கெனச் செய்யப்படுவது. கம்பி கழற்றிய புதிதில் பற்கள் சற்று நகர்வதுண்டு. ஆதலால் கழற்றிய அன்றே அச்செடுத்துச் செய்த ட்ரே பிறகு பொருந்தாமற் போகலாம். ஈறு வீக்கம் வடிந்து, பல் நிலைப்பட்டு, மெருகிட்ட பின் சில வாரங்கள் கழித்துத் தொடங்குவதே முறை. ஒவ்வொரு பல்லின் முகப்பிலும் ஒரு துளி ஜெல் போதும். மிகுதியாக இட்டால் ஈறில் வழிந்து எரியும்; ஈறு வெளுத்துப் போகும். வழிந்ததை விரலால் துடைத்துவிட வேண்டும். ஜெல்லைச் சென்னை வெயிலில் அலமாரியில் வைக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும். வெப்பத்தில் அதன் ஆற்றல் போய்விடும்.

ரிடெய்னர் அணிபவர்கள் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கம்பியும் அக்ரிலிக்கும் சேர்ந்த ரிடெய்னரில் ஜெல் நிற்காது. கண்ணாடி போன்ற ரிடெய்னர் பல்லை இறுகப் பற்றுவதால், மருத்துவர் பார்த்துச் சரி என்றால் மட்டுமே அதனை ட்ரேயாகப் பயன்படுத்தலாம். இரவு முழுவதும் ரிடெய்னர் அணிய வேண்டியவர்கள் மாலையில் இரண்டு மணி நேரம் ட்ரே, இரவில் ரிடெய்னர் என்று பிரித்துக்கொள்ளலாம். வெண்மைக்காக ரிடெய்னரைக் கைவிட்டால் இரண்டாண்டு உழைப்பும் செலவும் வீணாகிப் பற்கள் பழைய இடத்துக்கே திரும்பும். பல்லின் பின்புறம் நிலையாக ஒட்டப்பட்ட கம்பி இருந்தால் அது தடையில்லை. ஜெல் முகப்பில் இடப்படுவது. ரிடெய்னரையும் ட்ரேயையும் வெந்நீரில் கழுவாதீர்கள்; வளைந்துவிடும். மஞ்சள் சேர்த்த சால்னா அவற்றில் பட்டால் கறை போகாது. உணவுக்கு முன் கழற்றி வையுங்கள்.

பற்கூச்சம் பலருக்கு வரும். சில நாள்களில் தானே தணியும். ஓரிரு இரவு இடைவெளி விட்டாலோ, பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசையைப் பயன்படுத்தினாலோ போதும். கூச்சம் கூர்மையாகவும் ஒரு பல்லில் மட்டுமாகவும் இருந்தால் அங்கே சொத்தையோ விரிசலோ இருக்கலாம், நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். பல் நிறத்தில் அடைத்த சிமெண்டும், செயற்கைப் பல் உறையும் வெளுக்காது. முன்பல்லில் அவை உள்ளவர்கள் இதை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். இல்லையேல் சுற்றியுள்ள பல் வெளுத்து, அடைத்த இடம் மட்டும் தனித்துத் தெரியும். கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் தள்ளிப்போடுவது நல்லது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு, ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் கொண்டுவந்து 2012 முதல் நடைமுறைப்படுத்திய விதி, 0.1 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பெராக்சைடுப் பொருள்களை அனுமதிப்பதில்லை. வயது வந்தோருக்கும் அங்கே உச்ச அளவு 6 விழுக்காடு. முதல் முறை பல் மருத்துவரே இட வேண்டும். இணையத்தில் 35 விழுக்காடு என்று எழுதி விற்கப்படும் ஜெல், மருத்துவர் ஈறை மறைத்துக்கொண்டு தம் கண்முன் பயன்படுத்துவது. அதனைப் படுக்கையறையில் இட்டுக்கொள்வது தகாது. உடன் வரும் நீல விளக்கால் பெரிய பயன் எதுவும் இல்லை.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு திரவத்தால் வாய் கொப்பளிப்பதும் கூடாது. அது பல்லில் தங்குவதில்லை. ஈறையும் நாவையும் எரித்துத் தொண்டையில் இறங்குகிறது.

எலுமிச்சைக்கு வருகிறேன். வாயின் அமிலநிலை ஏறத்தாழ 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் அளவு 2 முதல் 2.5. சமையல் சோடாவுடன் கலந்தால் நுரை பொங்குகிறதே, அது வெறும் கரியமில வாயு. வெளுக்கும் ஆற்றல் அதற்கில்லை. சாறு மிகுந்தால் அமிலம் எஞ்சும். ஏற்கெனவே வெண்திட்டு விழுந்து தாது இழந்து நிற்கும் பல்லின்மேல் அமிலத்தைத் தடவுவது, இடிந்த சுவரின்மேல் மழையைத் திறந்துவிடுவது போன்றது. கரித்தூள் பசைகளைப் பற்றி அதிகம் கூறத் தேவையில்லை: மேற்கறையைச் சுரண்டும், ஈறோரத்தில் கருங்கோடாகத் தங்கும்.

"வெண்மை தரும்" என்று விளம்பரம் செய்யப்படும் பற்பசைகள் பெரும்பாலும் மேற்கறையை மட்டுமே நீக்குகின்றன. சிலவற்றில் நீல நிறமியொன்று சேர்க்கப்படுகிறது. வெள்ளை வேட்டிக்கு நம் வீட்டில் நீலம் போடுகிறோமே, அதே உத்திதான். மஞ்சள் மறைந்து வெண்மை போல் தோன்றும். தீங்கில்லை, ஆனால் நிலைப்பதில்லை.

மேற்கறைக்கு ப்ளீச்சிங்கே தேவையில்லை. சுலைமானி, தேநீர், வெற்றிலைப் பாக்கு, புகைபிடித்தல் ஆகியவற்றால் வருவதும், குளோர்ஹெக்சிடின் என்னும் வாய் கொப்பளிக்கும் மருந்தை நாள்கணக்கில் பயன்படுத்துவதால் வரும் பழுப்பும் மருத்துவரிடம் ஒருமுறை சுத்தம் செய்தாலே போய்விடும். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்ற அச்சம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. ஆடுவது சுத்தம் செய்வதால் அன்று. பல்லைச் சுற்றிக் காரை படிந்து எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருக்கும். காரையே அதுவரை முட்டுக்கொடுத்து நின்றது.

கேள்விச் சீட்டுகள் வந்துள்ளன. முதற்சீட்டு: "எங்கள் பகுதியின் போர்வெல் தண்ணீரால்தான் பிள்ளையின் பல் மஞ்சளாயிற்றா?"

தண்ணீரின் கடினத்தன்மையால் பல்லின் உள்நிறம் மாறாது. மாற்றுவது ஃப்ளோரைடு மிகுதி. இதில் நமக்கு நெருக்கமான வரலாறு ஒன்று உண்டு. நாம் மின்சார ரயிலில் கடந்துபோகும் கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு நிறுவனத்தின் இயக்குநராயிருந்த ஷார்ட் என்பவரும், சென்னை மருத்துவர்கள் சிலரும் சேர்ந்து, அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் குடிநீர் ஃப்ளோரைடால் பல்லும் எலும்பும் கெடுவதை 1937இல் வெளியிட்டனர். இந்தியாவில் இந்நோய் உலகறிய எடுத்துரைக்கப்பட்டது அப்போதுதான். தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகள் இதனால் நீண்டகாலம் துன்புற்றவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அவர்களுக்காகவே வந்தது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத் தக்கது. வேறு நீர் இல்லையெனில் 1.5 வரை. ஆனால் ஃப்ளோரைடு நிறத்தைக் கெடுப்பது பல் உருவாகும் வயதில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள். உங்கள் மகள் பதினான்கு வயதில் இங்கே குடிவந்திருந்தால், இங்குள்ள கிணறு அவள் பல்லை மாற்றவில்லை. பிறந்து வளர்ந்த ஊரின் தண்ணீரை எண்ணிப் பாருங்கள். அதேவேளை இரண்டு வயதுக் குழந்தை வீட்டில் இருந்து, போர்வெல் நீரையே குடிக்கிறது என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் நீரை ஒருமுறை சோதித்துவிடுங்கள். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. நீர் வற்றச் செறிவு கூடும்.

அடுத்தது: "மிஸ்வாக் போதாதா?" நாரை மென்று விரித்துப் பயன்படுத்தினால் மேற்கறையும் படிவமும் நன்கு அகலும். உள்நிறம் மாறாது. பல்லின் பின்புறம் கம்பி ஒட்டியவர்கள் அவ்விடத்துக்குத் தனியாகச் சிறு தூரிகையும் வைத்துக்கொள்ள வேண்டும். விரியாத முனையால் ஈறோரத்தில் அழுத்தித் தேய்த்தால் ஈறு இறங்கும். வேர் வெளிப்பட்டால் அது இன்னும் மஞ்சள்.

"ரமலானில் செய்யலாமா?" தராவீஹ் முடிந்து இட்டு, ஸஹருக்கு முன் கழற்றிக் கொப்பளித்துவிடும்படி வைத்துக்கொள்ளலாம். கூச்சம் வந்தால் நோன்பு நேரத்தில் அவதியாகும். ஒரு மாதம் தள்ளிப்போடுவதால் மருத்துவ நஷ்டம் ஏதுமில்லை. மார்க்கச் சட்டம் பற்றிய ஐயத்தை ஹஜ்ரத் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு சீட்டு, பெண்கள் பகுதியிலிருந்து: "பத்து நாளில் பெண் பார்க்க வருகிறார்கள். கம்பி கழற்றிப் பத்து நாள்தான் ஆகிறது. என்ன செய்யலாம்?" சுத்தம் செய்து மெருகிடலாம், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். இப்போது ப்ளீச்சிங் செய்தால் வெண்திட்டு இருப்பின் அன்றைக்கே அது உரத்துத் தெரியும். சொல்ல வந்தது இவ்வளவுதான்; ஆனால் ஒன்று என் மனத்தில் உறுத்துகிறது. சீட்டை எழுதியது தாயா, அந்தப் பெண்ணா தெரியவில்லை. பல்லின் நிறத்தைப் பார்த்து ஒரு வரன் தயங்குமாயின், தயங்கட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பெண்ணின் காதில் படும்படி ஒருமுறை கூறிவிட்டால், அவள் இணையத்தில் அந்த 35 விழுக்காட்டு ஜெல்லைத் தேடமாட்டாள்.

கடைசிச் சீட்டு செலவு பற்றியது. பள்ளிக்கரணை, வண்டலூரையடுத்த ரத்தினமங்கலம் ஆகிய இடங்களில் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. ஆசிரியர் மேற்பார்வையில் பயிற்சி மருத்துவர்கள் செய்வதால் தனியார் மருத்துவமனையைவிடக் கட்டணம் குறையும். 1953இல் தொடங்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் இறங்கிச் சாலையைக் கடக்க வேண்டியதுதான். எங்கே சென்றாலும் கம்பி கட்டிய மருத்துவர் தந்த எக்ஸ்ரேயையும், இருந்தால் கம்பி கட்டுவதற்கு முன் எடுத்த புகைப்படத்தையும் உடன் கொண்டு செல்லுங்கள். திட்டு முன்பே இருந்ததா, கம்பியால் வந்ததா என்பதை அந்தப் படமே காட்டிவிடும். அதைப் பொறுத்துத்தான் மருத்துவமும் மாறும்.